2025ஆம் ஆண்டின் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு அன்பர்களே, உறுப்பினர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான, மியான்மரின் யாங்கோனில் உள்ள நம் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

ஜனவரி 14 அன்று மண்டப வாசலில் பொங்கல் வைத்தோம். மார்ச் 28 நிலநடுக்கத்தில் மண்டலே, சகாயிங் பக்கம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரிசி, போர்வை, கொஞ்சம் பணம் திரட்டி அனுப்பினோம். ஏப்ரலில் பர்மியரின் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சானும் நம் சித்திரைப் புத்தாண்டும் சேர்ந்து வந்தன. பாயசத்தோடு எளிமையாக முடித்துக்கொண்டோம். ஞாயிறு தமிழ் வகுப்பு நடந்தது, மழையால் ஏழு வாரம் தடைப்பட்டது. நிர்வாகக் குழு ஒன்பது முறை கூடியது. அதில் நான்கு முறை தேவையான எண்ணிக்கை சேராமல் தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தோம்.

அப்புறம் நவராத்திரிக் கொலு. இதைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. இதற்கு ஏன் இவ்வளவு செலவு, ஏன் இத்தனை மாதம், கடையில் வாங்கி வைத்தால் ஒரே நாளில் முடிந்திருக்குமே என்று சிலர் நேரிலும் சிலர் என் காதுபடவும் கேட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

போன ஆண்டு வரை நம் கொலு ஏழு படி. பக்கத்தில் ஒரு பார்க். பிளாஸ்டிக் புல், கண்ணாடிக் குளம், அதில் இரண்டு வாத்து, பக்கத்தில் ஒட்டகச்சிவிங்கி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதே பார்க்கை எந்த ஊர்க் கொலுவிலும் வைக்கலாம். நம் பாட்டன், பாட்டி வேலை செய்த ஐராவதிக் கழிமுகத்து நெல்வயல்கள், ஆற்றங்கரை வீடுகள், அரிசி ஆலைகள், இவற்றை நம் பிள்ளைகள் பார்த்ததில்லை. யாங்கோனில் மாடிக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். எனவே படிக்குப் பக்கத்தில் 12 அடிக்கு 8 அடி இடத்தில் ஒரு கழிமுகக் கிராமத்தைக் கையாலேயே செய்து வைக்கலாம் என்று ஜூன் மாதக் கூட்டத்தில் நான் முன்மொழிந்தேன். குழு ஒப்புக்கொண்டது. தீர்மானம் பதிவேட்டில் இருக்கிறது.

முதலில் அளவு. வீட்டை விடப் பெரிய ஆள், ஆளை விடப் பெரிய கோழி என்று வைத்தால் கிராமம் நிற்காது. நம்மிடம் இருந்த மண் பொம்மை மனிதர்கள் 3 அங்குல உயரம். ஐந்தரை அடி ஆள் 3 அங்குலம் என்றால் 22இல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் வாசல்கதவு மூன்றரை அங்குலம், 12 அடிச் சுவர் ஆறரை அங்குலம். தச்சுவேலை தெரிந்த நம் உறுப்பினர் ஒருவர் இதை ஒரு மூங்கில் பட்டையில் கோடு போட்டு அளவுகோலாகவே செய்து கொடுத்தார். பிள்ளைகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அளந்தார்கள். பின்வரிசையில் இருக்கும் வீடுகளையும் மரங்களையும் பாதி அளவில் செய்தோம். அதனால்தான் எட்டடி ஆழம் வயல் தாண்டி வயலாகத் தெரிந்தது.

வீடுகள் மூங்கில் குச்சியில் கால் நட்டு, ஐஸ் குச்சியில் தரை போட்டவை. கூரைக்கு, பர்மியர் 'தனி' என்று சொல்லும் நிப்பாப் பனை ஓலையையே வாங்கி, விரல்நீளத்துக்கு நறுக்கி, கீழ்வரிசையிலிருந்து மேலே மேலே அடுக்கி ஒட்டினோம். தென்னை மரங்களுக்குத் துடைப்பக் குச்சியும் பச்சைக் காகிதமும். புதர்களுக்குக் காய்ந்த பீர்க்கங்கூட்டைப் பிய்த்துச் சாயத்தில் முக்கினோம். மேடுகளுக்கு, பருப்பு மண்டி வைத்திருக்கும் நம் உறுப்பினர் கொடுத்த சணல் சாக்குகளைப் பாரிஸ் சாந்தில் நனைத்து, கசக்கிய செய்தித்தாள் மேல் போர்த்திக் காயவிட்டோம். ஆறு செய்ய மட்டும் மூன்று முறை முயன்றோம். முதலில் பழக்கதோஷத்தில் நீல வண்ணம் அடித்தார்கள். கழிமுகத்து ஆறு நீலம் கிடையாது, பால் விட்ட தேநீர் நிறம். கண்ணாடித் தகட்டின் அடிப்பக்கத்தில் பழுப்பும் மஞ்சளும் கலந்து பூசி, மேலே வார்னிஷ் நான்கு கோட்டு கொடுத்தபின்தான் சம்பான் படகு அதில் மிதப்பது போல் இருந்தது.

பௌத்த மடத்தைக் காகிதக்கூழில் செய்தோம். எதிர்வீட்டில் இருக்கும் பர்மிய ஊலே (மாமா), இளவயதில் பிட் டைங் டாங் என்னும் தள்ளினால் எழுந்து உட்காரும் பொம்மை செய்தவர். நாங்கள் கத்தரியால் காகிதம் வெட்டுவதைப் பார்த்து உள்ளே வந்தார். வெட்டக் கூடாது, கிழிக்க வேண்டும். கிழித்த ஓரம்தான் அடுத்த தாளோடு கலந்து மேடு தெரியாமல் படியும் என்று காட்டிக் கொடுத்தார். ஒரு படலம் காய்ந்த பிறகே அடுத்தது. அவர் ஆறு மாலைகள் வந்தார். சங்க உறுப்பினர் அல்லாத ஒருவர் வந்த நாள்களைப் பதிவேட்டில் குறித்திருக்கிறேன்.

ஒரு தவறையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் ஒட்டுவதற்கு மைதாப் பசை காய்ச்சியவன் நான். பூஞ்சை பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் மயில்துத்தம் போட மறந்துவிட்டேன். இரண்டு வாரம் விடாத மழை, மின்சாரம் இல்லாததால் மின்விசிறியும் இல்லை. மூன்று மேடுகளில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்தது. மடத்தின் ஒரு மூலையை எலி தின்றுவிட்டது. மேடுகளைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி செய்தோம். அந்தச் செலவு என் சொந்தப் பணம், கணக்கில் ஏறவில்லை. இரண்டாம் முறை துத்தம் கலந்தோம். அது விஷம் என்பதால் பசைப் பானையைப் பிள்ளைகள் தொட விடவில்லை.

வயலுக்குப் பிளாஸ்டிக் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு. விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, ஒரு நாள் துணியில் முடிந்துவைத்து, முளை கண்டதும் தட்டுகளில் மரத்தூளும் மண்ணும் கலந்து செப்டம்பர் 13 அன்று விதைத்தோம். மகாளய அமாவாசை 21. மறுநாள் கொலு தொடங்கியபோது நாற்று விரல்நீளம். உள்ளே வைத்த நாற்று வெளிச்சம் போதாமல் ஒல்லியாக நீண்டு சாயும் என்று தெரிந்து, 18ஆம் தேதி இன்னொரு செட்டு விதைத்து ஜன்னலோரம் வைத்திருந்தோம். ஐந்தாம் நாள் இரவு எல்லோரும் போனபின் தட்டுகளை மாற்றினோம். வந்தவர்கள் எல்லா நாளும் பச்சையான வயலைத்தான் பார்த்தார்கள்.

அந்த ஐந்தாம் நாள்தான் நம் சங்கத்தின் மூத்த உறுப்பினரான ஆச்சி வந்தார். வயது 84. கழிமுகத்தில் இருக்கும் பியாபோன் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். படகுத்துறை எங்கே, முனீஸ்வரன் மரம் எங்கே, ஆலை எங்கே என்று ஜூலையில் அவர் வீட்டுக்குப் போய் ஒரு தாளில் வரைந்து வாங்கியிருந்தேன். சக்கர நாற்காலியைக் கண்ணாடி ஆற்றின் ஓரம்வரை தள்ளிக்கொண்டு போனோம். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அரிசி ஆலையைக் காட்டி, "தம்பி, உமி மேடு எங்கே?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "பாய்லருக்கு உமியத்தானே போடுவான். மிச்ச உமி ஆத்தோரமா மலையாட்டம் கிடக்கும். நாங்க அதுலதான் சறுக்கி விளையாடுவோம். அம்மா அடிப்பா, உடம்பெல்லாம் அரிக்கும்னு" என்றார். புகைபோக்கி வைத்திருந்தோம், படகுத்துறை வைத்திருந்தோம், மூட்டை தூக்கும் ஆள்கூட வைத்திருந்தோம், உமியை விட்டுவிட்டோம். மறுநாள் காலை சூரத்தி பஜார் பக்கம் கோழித்தீனி விற்கும் கடையில் ஒரு பை உமி வாங்கி வந்து ஆலையின் ஆற்றுப்பக்கம் கொட்டினேன். மேலே இரண்டு சிறுபிள்ளைப் பொம்மைகளை உட்காரவைத்தோம். ஆச்சியின் பேத்தி அதைப் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். இதைத்தான் நான் கேள்வி கேட்டவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். கடையில் வாங்கிய கிராமத்தைப் பார்த்து யாரும் உமி எங்கே என்று கேட்க மாட்டார்கள்.

மூன்றாம் நாள் மாலை மின்சாரம் போனபோது பேட்டரி விளக்குகள் வீடுகளுக்குள் எரிந்துகொண்டிருந்தன. மண்டபம் முழுக்க இருட்டு, கிராமம் மட்டும் வெளிச்சம். அக்டோபர் 2 விஜயதசமியோடு பொம்மைகளை எடுத்துவிட்டாலும், கிராமத்தை மட்டும் தடின்ஜுட் பௌர்ணமி வரை வைத்திருந்தோம். தெருவில் இருக்கும் பர்மியக் குடும்பங்கள் விளக்குத் திருவிழாவுக்குப் பிள்ளைகளோடு வந்து பார்த்தார்கள்.

நம் உறுப்பினர் ஒருவர், மகன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி அனுப்பிய பீங்கான் வீடுகளை அன்போடு கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே விளக்கு எரியும், கூரையெல்லாம் வெள்ளைப் பனி, ரொம்ப அழகான வேலை. ஆனால் நெல்வயலுக்கு நடுவே பனி பெய்த வீட்டை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் வருத்தப்பட்டது எனக்குத் தெரியும். டிசம்பரில் நம் கிறிஸ்தவ உறுப்பினர்கள் மண்டபத்தில் குடில் வைத்தபோது, நம் சாக்குமேடுகளையே மலையாக்கி, அந்த வீடுகளை அதன்மேல் வரிசையாக வைத்தார்கள். 1223இல் இத்தாலியின் கிரேச்சியோவில் புனித பிரான்சிஸ் முதன்முதலாகக் குடில் அமைத்ததைப் பாதிரியார் அன்று பிள்ளைகளுக்குச் சொன்னார். அண்ணே, உங்கள் வீடுகளுக்கு உரிய இடம் கிடைத்தது. என்மேல் வருத்தம் இருந்தால் இந்தக் கூட்டத்தோடு விட்டுவிடுங்கள்.

இனி, சொல்லக் கஷ்டமான விஷயம். ஜூலை முதல் செப்டம்பர் வரை செவ்வாயும் சனியும் மாலை 5 மணிக்கு வேலை. வைபர் குழுவில் ஒவ்வொரு முறையும் அறிவித்தேன். 40 பேர் கட்டைவிரல் போடுவார்கள். வருவது தச்சர் அண்ணன், இரண்டு அக்காமார், ஒன்பது பிள்ளைகள், நான். இளைஞர்கள் பலர் வேலை தேடித் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போய்விட்டார்கள், அதை நான் குறை சொல்லவில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு, கொலு முதல் நாள் குடும்பத்தோடு வந்து படம் எடுத்து, "நாங்கள் செய்தது" என்று போட்டவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன். யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. வேலை செய்த பிள்ளைகளில் ஒருத்தி, "மாமா, இவங்க எப்ப வந்தாங்க?" என்று என்னைக் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

சந்தாவும் இதே கதைதான். 64 குடும்பங்களில் 21 குடும்பங்கள் ஆண்டு முழுவதற்கும் கட்டியிருக்கின்றன. சிலர் பாதி. சிலர் 2023லிருந்தே பாக்கி. கியாட் பணத்தின் மதிப்பு இறங்கி, எண்ணெய் அரிசி விலை ஏறியிருப்பது எனக்கும் தெரியும். நானும் இதே ஊரில்தான் குடும்பம் நடத்துகிறேன். முடியாதவர்கள் வந்து முடியவில்லை என்று சொன்னால் போதும், யாரும் கேட்கப் போவதில்லை. போனை எடுக்காமல் இருப்பதுதான் வலிக்கிறது. மண்டபத்து மின்கட்டணமும் கூரை ஒழுகலும் நமக்காகக் காத்திருக்காது.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பொதுவாகச் சொன்னால், நவராத்திரிக்கு வந்த நன்கொடையும் உண்டியலும் கொலுச் செலவை ஏறக்குறைய ஈடுகட்டின. சிறிய பற்றாக்குறையைப் பொது நிதியிலிருந்து குழுவின் ஒப்புதலோடு எடுத்தோம். ரசீதுகள் கோப்பில் இருக்கின்றன. இரண்டு சின்ன ரசீதுகள் மழையில் நனைந்து எழுத்து போய்விட்டன, அவற்றை நானே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன்.

தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், மகளிர் குழு, சுண்டல் செய்து கொடுத்த குடும்பங்கள், மண்டபக் காவலர், ஒலிபெருக்கி கொடுத்தவர், சணல் சாக்கு கொடுத்தவர், எதிர்வீட்டு ஊலே, அனைவருக்கும் நன்றி. ஆச்சிக்குத் தனியாக.

வரும் ஆண்டு செயலாளர் பொறுப்பை வேறு ஒருவர் ஏற்க முன்வந்தால் மனதார வரவேற்பேன். பதிவேடு, முத்திரை, கோப்பு எல்லாம் ஒழுங்காக ஒப்படைப்பேன். கிராமத்தை மட்டும் என் கையில் விடுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். படகுத்துறைக்கு மேல்கரையில் ஒரு பள்ளிக்கூடமும், கூத்து மேடையும், செட்டியார் கிட்டங்கியும் இன்னும் பாக்கி. ஆச்சி சொல்லச் சொல்ல எழுதிவைத்திருக்கிறேன். அவர் இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

14 அட்டைப்பெட்டிகள் மண்டப மாடியில் பிளாஸ்டிக் சுற்றி இருக்கின்றன. மாடியின் வடக்கு மூலை ஒழுகுகிறது. மழை தொடங்குமுன் பெட்டிகளை இறக்கி, பிரித்து, வெயிலில் காட்ட வேண்டும். மார்ச் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்கு மண்டபத்தைத் திறந்து வைக்கிறேன். கறை பட்டாலும் பரவாயில்லை என்கிற பழைய சட்டை போட்டுக்கொண்டு, பழைய செய்தித்தாள் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்
யாங்கோன்