கணக்கெடுக்க வந்த அக்காவுக்கும் மத்த எல்லாருக்கும் எங்க வீட்டு நன்றி

அப்பா நேத்து சாயங்காலம் ஆஸ்பத்திரிலேர்ந்து வீட்டுக்கு வந்துட்டார். ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் புதுச்சேரில எங்க பாகூர் பக்கம் என்ன ஆச்சு, அப்பா எப்படி படுத்தார்னு உங்க எல்லாருக்கும் தெரியும், அதையெல்லாம் திரும்ப எழுத மனசு வரல.

முதல் நன்றி உழவர் உதவியகத்துலேர்ந்து பயிர் சேதம் கணக்கெடுக்க வந்த அக்காவுக்கு. எத்தனை காணி முழுகிச்சுன்னு எழுதிக்கிட்டு, போட்டோ எடுத்துக்கிட்டு கிளம்பிருக்கலாம், அவங்க வேலை அவ்ளோதான். திண்ணைல படுத்திருந்த அப்பாவ பாத்துட்டு வண்டிய ஸ்டாண்டு போட்டு உள்ள வந்தாங்க. "ஐயா, கெண்டைக்கால் வலிக்குதா? கண்ணு ஏன் இப்படி செவந்திருக்கு?" சேத்துல நின்னா வலிக்காதாம்மான்னு அப்பா சொன்னார், அக்கா விடல, பிஎச்சி (ஆரம்ப சுகாதார நிலையம்) நர்ஸம்மாவுக்கு போன் போட்டு, ஆட்டோ வர்ற வரைக்கும் அங்கேயே உக்காந்திருந்தாங்க. எலிக்காய்ச்சல். இன்னும் தள்ளிப்போயிருந்தா கிட்னி தாங்கியிருக்காதுன்னு டாக்டர் சொன்னார்.

நெல்லு கணக்கெடுக்க வந்தவங்களுக்கு இது எப்படி தெரியும்னு அப்புறம் கேட்டேன். தண்ணி வடிஞ்சதுமே அந்த நர்ஸம்மா, மாட்டு டாக்டர், இவங்க எல்லாம் பேசி வச்சிருந்தாங்களாம், வயலுக்கு போற யாரை பாத்தாலும் இந்த ரெண்டு கேள்விய கேட்டுடணும்னு. எலியும் மாடும் விடுற மூத்திரம் தேங்குன தண்ணில கலந்து, கால் வெடிப்பு வழியா உள்ள போற வியாதி இது. எலி வரப்புல இருக்கு, மாடு கொட்டாய்ல இருக்கு, குப்பை வாய்க்கால்ல கிடக்கு, காய்ச்சல் மட்டும்தான் ஆஸ்பத்திரிக்கு வருது, அப்போ ஆஸ்பத்திரி மட்டும் பாத்தா எப்படி தீரும் சொல்லுங்க.

வார்டு சிஸ்டருங்க, எலிக்காய்ச்சல் வராம இருக்க வாராவாரம் போடுற டாக்ஸிசைக்ளின் மாத்திரைய வீடு வீடா வந்து குடுத்த நர்ஸம்மா, எங்க பசுவ வந்து பாத்த டாக்டர், வாய்க்கால் அள்ளின கொம்யூன் பஞ்சாயத்து அண்ணனுங்க, வரப்புல எலி பிடிக்கிற கிட்டி வச்ச இருளர் அண்ணனுங்க, ராத்திரில்லாம் கூட இருந்த பக்கத்து வீட்டு பசங்க, எல்லாருக்கும் கோடி நன்றி.

அடுத்த பட்டத்துல எங்க வயல்ல எலிமருந்து கிடையாது, எலிய பிடிக்கிற ஆந்தை உக்கார குச்சி நடப்போறேன், கூட கிட்டி. அப்பா பூட்ஸ் போடாம சேத்துல இறங்க விடமாட்டேன். நம்ம தெருவுல வயலுக்கு போறவங்க யாருக்கு காய்ச்சலோ கால் வலியோ வந்தாலும் ராத்திரின்னு பாக்காதீங்க, என்னைய எழுப்புங்க, வண்டில கூட்டிட்டு போறேன்.