எட்டு வருடத்தை எங்கே விட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆசிரியர் தினச் சிறப்பிதழில் 'ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்' படத்தைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஹைமே எஸ்கலாந்தே என்ற கணக்கு ஆசிரியரின் உண்மைக் கதையை வைத்து 1988இல் வந்த அந்த அமெரிக்கப் படம் எனக்கும் பிடித்ததுதான். அவராக நடித்த எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸின் நடிப்பு ஆஸ்கர் பரிந்துரை வரை போனதில் வியப்பில்லை. ஆனால் ஆசிரியர் மனம் வைத்தால் இரண்டே ஆண்டில் எதையும் மாற்றலாம் என்று உங்கள் கட்டுரையாளர் முடித்திருப்பது என்னை உறுத்துகிறது. நான் 31 ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தவன்.

அந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது ஒரு பணியிடைப் பயிற்சியில். படம் முடிந்து விளக்கு எரிந்ததும் பயிற்சியாளர் எங்களைப் பார்த்து, "அவரால் முடிந்தது உங்களால் ஏன் முடியவில்லை?" என்றார். நாற்பது பேரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

வெகுநாள் கழித்துத்தான் உண்மைக் கதையைத் தேடிப் படித்தேன். பொலிவியாவிலிருந்து குடிபெயர்ந்த ஹைமே எஸ்கலாந்தே, கிழக்கு லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள கார்ஃபீல்ட் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தது 1974இல். அவருடைய மாணவர்கள் 18 பேர் கல்லூரித் தரத்திலான நுண்கணிதத் (கால்குலஸ்) தேர்வில் தேறியது 1982இல். அவர்களில் 14 பேர் மீது காப்பியடித்ததாகத் தேர்வை நடத்திய நிறுவனம் சந்தேகப்பட்டதும், மறுதேர்வு எழுதிய 12 பேரும் மறுபடி தேறியதும் எல்லோரும் அறிந்தவை. நான் கேட்பது நடுவில் கழிந்த எட்டு ஆண்டுகளைப் பற்றி. 1978-79இல் அவர் தொடங்கிய முதல் நுண்கணித வகுப்பில் தேர்வு வரை தாக்குப்பிடித்தவர்கள் ஐந்தே பேர். அந்த ஐந்து பேரை யாரும் படமெடுக்கவில்லை. வாய்ப்பாடும் பின்னமும் தெரியாத பிள்ளையை ஒரே ஆண்டில் நுண்கணிதத்துக்குக் கொண்டுபோனதே இல்லை என்று பின்னாளில் எஸ்கலாந்தே அழுத்திச் சொன்னார். இயற்கணிதம், வடிவியல் என்று கீழ்ப்படிகளை ஒவ்வொன்றாகக் கட்டியிருக்கிறார். கோடை விடுமுறையில் பக்கத்துக் கல்லூரியில் வகுப்பு நடந்திருக்கிறது. பென் ஹிமெனெஸ் என்ற சக ஆசிரியர் தோள் கொடுத்திருக்கிறார். ஹென்றி கிரடில்லாஸ் என்ற தலைமையாசிரியர் குறுக்கே நிற்காமல் வழிவிட்டிருக்கிறார். (வழிவிடும் தலைமையாசிரியர் எவ்வளவு பெரிய வரம் என்பது வாத்தியார்களுக்குத்தான் தெரியும்.) 1991இல் எஸ்கலாந்தே அந்தப் பள்ளியை விட்டுப் போனார். அதற்குப் பின் தேர்ச்சி எண்ணிக்கை சரிந்தது.

இன்னொன்று. படத்தின் கடைசியில் ஆண்டுவாரியாகத் தேறியவர்களின் எண்ணிக்கை எழுத்தில் வரும். 18இல் தொடங்கி 1987க்குள் எண்பதைத் தாண்டிவிடும். எனக்கு அதுதான் படத்தின் சிறந்த காட்சி. அன்று பயிற்சியாளர் அதற்குள் படத்தை நிறுத்திவிட்டார். உங்கள் கட்டுரையிலும் அது இல்லை.

பயிற்சியில் நான் பட்ட அவமானத்தால் படத்தைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். எஸ்கலாந்தே வகுப்புக்குச் சமையல்காரர் தொப்பியும் வெட்டுக்கத்தியுமாக வந்து ஆப்பிளை வெட்டிப் பின்னம் நடத்தும் காட்சிக்கு நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். ஒன்பதாம் வாய்ப்பாட்டை விரலில் சொல்லும் வித்தை இங்கேயும் உண்டு. பத்து விரலையும் விரித்து மூன்றாவதை மடக்கினால் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் ஏழு, மூவொன்பது இருபத்தேழு. ஆனால் குறை எண்ணுக்கு அவர் சொன்ன விளக்கம் எனக்குத் தோன்றியதே இல்லை. கடற்கரையில் குழி தோண்டினால் வெளியே வந்த மணல் மிகை, குழி குறை. அதை அவரிடமிருந்து அப்படியே திருடினேன். எங்கள் ஊரில் கடல் ஏது? நீளம் தாண்டுவதற்காகப் பள்ளி மைதானத்தில் போட்டிருந்த மணலில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைத் தோண்டவிட்டேன். உடற்கல்வி ஆசிரியர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
விருத்தாசலம்.