ஹாரியட் டப்மன்: எண்களில் பிழை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாக இருந்து தப்பி, பிறகு திரும்பத் திரும்பப் போய் மற்ற அடிமைகளையும் மீட்டு வந்தவர் ஹாரியட் டப்மன். மகளிர் நாள் சிறப்புப் பக்கத்தில் அவரைப் பற்றி வந்த கட்டுரை, '19 பயணம், 300 அடிமைகள், தலைக்கு 40,000 டாலர் விலை' என்கிறது. மூன்று எண்ணும் தவறு.

19, 300 என்பவை 1860களின் இறுதியில் அவரைப் பற்றி வந்த முதல் நூல் ஊதிப் பெருக்கிய கணக்கு. ஆய்வாளர்கள் ஆவணங்களை ஒப்பிட்டுக் கண்டது ஏறத்தாழ 13 பயணம், 70 பேர். வழி மட்டும் சொல்லிக் கொடுத்து அனுப்பியவர்கள் தனி. 40,000 டாலர் கதையைக் கிளப்பியது 1867இல் ஒரு பத்திரிகைக்கு எழுதப்பட்ட வாசகர் கடிதம்! டப்மனுக்கு அரசு உதவ வேண்டும் என்று வாதாடிய நல்ல மனம்தான், தொகைதான் கற்பனை. லிங்கனைச் சுட்ட பூத்தைப் பிடிக்கவே 50,000 டாலர்தான் அறிவித்தார்கள். டப்மனைத் தேடி வந்ததாக நமக்குக் கிடைப்பது 1849 அக்டோபர் விளம்பரம் ஒன்று. 'மின்டி' (டப்மனின் இளவயதுப் பெயர்) என்ற பெண்ணையும் அவருடைய இரு சகோதரர்களையும் மேரிலாந்துக்கு வெளியே பிடித்தால் ஆளுக்கு 100 டாலர், உள்ளே பிடித்தால் 50. பிறகு அடிமைகள் காணாமல் போனபோது, அதே மின்டிதான் திரும்பி வந்து கூட்டிப் போகிறாள் என்று அங்கிருந்த எஜமானர்களுக்குத் தோன்றவே இல்லை.

அப்படித் தோன்றாமல் பார்த்துக்கொண்டதுதான் அவருடைய திறமை. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பயணங்களைப் பெரும்பாலும் குளிர்காலத்தில் வைத்துக்கொண்டார். இரவு நீளம், வெளியில் ஆள் நடமாட்டம் குறைவு. புறப்பாடு சனிக்கிழமை இரவு. ஞாயிறு வேலை இல்லாததால் ஆள் இல்லாதது உடனே தெரியாது. தெரிந்தாலும் திங்கட்கிழமைக்கு முன் விளம்பரம் அச்சேறாது. பண்ணைக்குள் போகாமல், சில மைல் தள்ளி ஓரிடத்துக்கு ஆட்களை வரச் சொல்வார். கைக்குழந்தை அழுதால் எல்லோருக்கும் ஆபத்து என்பதால் அபின் கலந்த மருந்து கொடுத்துத் தூங்க வைப்பார்.

1854 கிறிஸ்துமஸ் பயணத்தையாவது எழுதியிருக்கலாம். அவருடைய மூன்று சகோதரர்களைப் பண்டிகை முடிந்ததும் விற்க ஏற்பாடாகியிருந்தது. டப்மனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனவே வேறொருவரைக் கொண்டு, எழுத்தறிந்த ஜேக்கப் ஜாக்சன் என்ற சுதந்திரக் கறுப்பருக்கு, சகோதரர்களிடம் சொல்லும்படி பூடகமாகக் கடிதம் அனுப்பினார்: 'சீயோன் கப்பல் வரும்போது ஏறத் தயாராக இருங்கள்.' கடிதத்தைப் பிரித்துப் படித்த வெள்ளையர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சகோதரர்கள் வந்து பெற்றோர் குடிசைக்கு அருகே தீவனக் கொட்டகையில் ஒளிந்தார்கள். தாய்க்குச் சொல்லவில்லை, கதறிவிடுவார் என்று. உணவு கொண்டுவந்த தந்தை பென் ராஸ் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு சிறிது தூரம் கூடவே நடந்தார். மறுநாள் விசாரித்தவர்களிடம், 'என் பிள்ளைகளைப் பார்க்கவில்லை' என்றார். பொய் சொல்லவில்லை!

கட்டுரையுடன் வந்த ரயில் சுரங்கப் படமும் பொருந்தாது. 'நிலத்தடி ரயில்பாதை' என்பது அடிமைகள் தப்பிச் செல்ல உதவிய ரகசிய வலைப்பின்னலுக்கு வைத்த குழூஉக்குறி. வழிகாட்டி 'நடத்துநர்', தங்கும் வீடு 'நிலையம்'. டெலாவேர் மாநிலத்தின் வில்மிங்டனில் அத்தகைய ஒரு வீட்டை நடத்தியவர் தாமஸ் காரெட். 1850 சட்டம் வடக்கு மாநிலங்களிலும் தப்பியவர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்ப வழி செய்ததால், பயணம் ஃபிலடெல்ஃபியாவோடு நிற்காமல் கனடாவின் செயின்ட் கேத்தரின்ஸ் வரை நீண்டது.

இன்னொன்று: அழைத்து வந்தவர் எவரும் வழியில் பிடிபடவில்லை என்பது உண்மை. ஆனால் எல்லோரையும் அவரால் அழைத்துவர முடியவில்லை. தங்கை ரேச்சல், பிரித்து வைக்கப்பட்ட இரு குழந்தைகளை விட்டு வர மறுத்தார். 1860 இறுதியில் கடைசி முறையாக டப்மன் போனபோது ரேச்சல் இறந்துவிட்டிருந்தார். குழந்தைகளை வெளியே கொண்டுவரக் கையூட்டாக 30 டாலர் தேவைப்பட்டது. அது அவரிடம் இல்லை. குழந்தைகள் அங்கேயே இருந்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்