எங்க அப்பாவ நடக்க வச்ச எல்லாருக்கும் நன்றி

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து இடது பக்கம் கை கால் விழுந்து ஆஸ்பத்திரிலருந்து வீட்டுக்கு கூட்டிட்டு வந்தப்போ, பார்க்க வந்த சொந்தபந்தம் முக்கால்வாசி பேரு சொன்னது "பாவம் மனுசன், ஒண்ணும் செய்ய விடாதீங்க, ரெஸ்ட் எடுக்கட்டும்"னுதான். நல்ல மனசுலதான் சொன்னாங்க, இல்லேங்கல. ஆனா இந்த மடல் அப்படி சொல்லாதவங்களுக்கு.

மொதல்ல, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வந்த பிசியோ மேடத்துக்கு. 2021ல ஆரம்பிச்ச திட்டம், பிபி சுகர் மாத்திரைதான் வீட்டுக்கு வரும்னு நெனச்சிட்டிருந்தோம், அம்மாவுக்கு மாத்திரை கொண்டு வர்ற தன்னார்வலர் அக்கா சொல்லித்தான் பிசியோவும் வீட்டுக்கே வருவாங்கன்னு தெரியும், அக்கா உங்களுக்கும் சேர்த்து நன்றி. மேடம் வந்த அன்னிக்கே எங்கள எல்லாம் தள்ளி நிக்க சொல்லிட்டாங்க. இடது கைய பிடிச்சு இழுத்து தூக்கவே கூடாது, தோள்பட்டை மூட்டு இறங்கிரும்னாங்க. கம்பு வலது கைல, அதாவது நல்ல கைல. படி ஏறும்போது நல்ல கால் மொதல்ல, இறங்கும்போது சுகமில்லாத கால் மொதல்ல. சேர்ல உக்காந்து எந்திரிக்கிறது, படுத்து முட்டிய மடக்கி இடுப்ப தூக்குறது, டேபிள்ல துண்ட விரிச்சு இடது கையால தள்ளுறது, பார்க்க சாதாரணமா இருக்கும், செஞ்சு முடிக்கிறதுக்குள்ள அப்பாவுக்கு வேர்த்து கொட்டிரும். அப்பல்லாம் "விழப் போனா மட்டும் பிடிங்க, அதுவரைக்கும் பக்கத்துல சும்மா நில்லுங்க"ன்னு சொல்வாங்க. அந்த சும்மா நிக்கிறதுதான் வீட்டு ஆளுங்களுக்கு ரொம்ப கஷ்டம், அம்மாட்ட கேட்டுப் பாருங்க.

அப்புறம் டெய்லர் அண்ணே. கைலி கட்டுனா பாதம் தூக்காத காலுல மாட்டி தடுக்குதுன்னு மேடம் டவுசர் போட சொன்னாங்க, ஒத்தக் கையால நாடா முடிச்சு போட முடியாதுன்னு நீங்களா யோசிச்சு எலாஸ்டிக் வச்சு தைச்சு குடுத்தீங்க. வாழ்நாள் பூரா கைலி கட்டுன மனுசன் டவுசரோட தெருவுல இறங்குனப்போ ஒருத்தரும் சிரிக்காம இருந்தீங்களே, தெருக்காரங்களுக்கும் நன்றி (பேரன் மட்டும் சிரிச்சான், அவனுக்கு இல்ல).

ஆட்டோ அண்ணே, அப்பா மொதல்ல சீட்டுல உக்காந்து அப்புறம் கால ஒண்ணொண்ணா உள்ள எடுத்து வைக்கிற வரைக்கும் பின்னால ஹாரன் எவ்வளவு அடிச்சாலும் அசையாம நிப்பீங்க. டீக்கடை மாமா, இடது கையால பிடிச்சு பழகட்டும்னு ஆறவச்ச டீய டம்ளர்ல பாதி மட்டும் ஊத்திக் குடுத்ததுக்கு, கீழ கொட்டுன டீக்கு காசு வாங்காததுக்கு.

தெப்பக்குளத்துல காலைல வாக்கிங் வர்ற பெருசுங்களுக்கு தனியா சொல்லணும். நாங்க வீட்ல என்ன கெஞ்சியும் நடக்காத ஆளு, நீங்க "என்னண்ணே நேத்து ஆளக் காணோம்"னு கேட்டதுக்காகவே எந்திரிச்சு கெளம்புனாரு. இப்ப பாதம் தொங்காம பிடிச்சுக்கிற ஸ்பிளின்ட் போட்டு, நாலு கால் கம்பு வச்சு குளத்தோட ஒரு பக்கம் முழுசா நடக்குறாரு, உக்காந்து உக்காந்துதான், ஆனா நடக்குறாரு.

உங்ககிட்ட ஒரே ஒரு ரிக்வெஸ்ட் மட்டும். அவரு நடக்கும்போது அரசியல் பேசாதீங்க. பேச ஆரம்பிச்சா நின்னுர்றாரு. திண்டுல உக்காந்தப்புறம் எவ்வளவு வேணா சண்ட போட்டுக்கங்க.