ராபர்ட்டா ஃப்ளாக்கை அப்படித் தள்ளிவிடாதே

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. தம்பி கல்யாணத் தேதி முடிவானதும் எழுது, நான் இங்கே லீவு சொல்ல வேண்டும். அதெல்லாம் சரி, அமெரிக்கப் பாடகி ராபர்ட்டா ஃப்ளாக்கை "ஹோட்டல் லாபியில் ஓடுகிற பாட்டு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாயே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

நீ கேட்டது பாடகர் பீபோ பிரைசனோடு பாடிய எண்பதுகளின் டூயட்டாக இருக்கும், அதற்கு நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் 1969-ல் வந்த 'ஃபர்ஸ்ட் டேக்' ஆல்பத்தைப் போட்டுப் பார். ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸிடம் வாசித்த ரான் கார்ட்டரின் டபுள் பாஸ் வாத்தியத்தோடு தொடங்குகிற முதல் பாட்டே வியட்நாம் போரைச் சாடுகிற பாட்டு, எந்த ஹோட்டலில் இதைப் போடுவார்கள்?

15 வயதில் உதவித்தொகையோடு வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனவர், முறையாக கிளாசிக்கல் பியானோ படித்தவர். அப்பா திடீரென்று இறந்துபோனதால் மேற்படிப்பை விட்டுவிட்டு வட கரோலினாவில் பள்ளிக்கூட வாத்தியார் வேலைக்குப் போனார், அப்புறம் வாஷிங்டனில் பகலில் பள்ளி, ராத்திரியில் கிளப். அங்கே கேபிடல் ஹில்லில் மிஸ்டர் ஹென்றிஸ் என்கிற இடத்தில் பாடிக்கொண்டிருந்தபோது பியானோக்காரர் லெஸ் மெக்கான் கேட்டு அசந்துபோய் அட்லாண்டிக் ரெக்கார்டு கம்பெனியிடம் அழைத்துப் போனார். முதல் ஆல்பம் வரும்போது 32 வயது, அதுவும் உடனே ஓடவில்லை. 1971-ல் ஹாலிவுட் நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட் தான் முதன்முதலாக இயக்கிய படத்துக்கு அதிலிருந்து 'தி ஃபர்ஸ்ட் டைம் எவர் ஐ சா யுவர் ஃபேஸ்' பாட்டைக் கேட்டார். ரொம்ப மெதுவாக இருக்கிறது, வேகமாகத் திரும்பப் பாடித் தருகிறேன் என்று இவர் சொல்ல, அப்படியே இருக்கட்டும் என்றார் அவர். அடுத்த வருடம் அமெரிக்காவில் ஆறு வாரம் முதலிடம்!

அந்த மெதுவில்தான் எனக்கு அவரைப் பிடிக்கும். அதே அட்லாண்டிக்கில் சோல் பாடகி அரீதா ஃப்ராங்க்ளின் கூரை அதிரப் பாடிக்கொண்டிருந்த காலம் அது, இவரோ ஒரு வரியைப் பாடிவிட்டு அடுத்த வரிக்கு அவசரமே படமாட்டார், பியானோவும் தன் கையிலேயே இருப்பதால் எங்கே நிறுத்துவது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. உணர்ச்சி பொங்குகிற சோல் இசையின் ரசிகர்களில் சிலருக்கு இதில் வியர்வை போதவில்லை, ஜாஸ் ஆட்களுக்கோ இது ரொம்ப வழவழப்பு. போகட்டும். 1973, 1974 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் 'ரெக்கார்ட் ஆஃப் த இயர்' கிராமி விருதை முதலில் வாங்கியவர் இவர்தான்.

பாடகர் டானி ஹாத்தவேயோடு பாடியவை இன்னொரு உலகம். அவரும் ஹோவர்டில் படித்தவர். இரண்டாவது டூயட் ஆல்பம் பாதியில் இருக்கும்போது 1979-ல் அவர் இறந்துபோனார், அதற்குப் பிறகு இவர் யாரோடு பாடினாலும் எனக்கு அவர் குரல்தான் குறைகிறது. கடைசியில் ஏ.எல்.எஸ். என்கிற நரம்பு நோய் வந்து இவருக்கும் பாட முடியாமல் போனது, 2025 பிப்ரவரியில் காலமானார்.

ஹாத்தவேயின் 1972 லைவ் ஆல்பம் உன்னிடம் எல்.பி.யாக இருந்ததே, இன்னும் இருக்கிறதா? கல்யாணத்துக்கு வரும்போது கேட்க வேண்டும், யாருக்கும் கொடுத்துவிடாதே.

உன்
மச்சான்