பேசாத ரிசீவரைப் பற்றி நண்பனுக்கு

தலவாக்கலை
ஆடி மாதம்

அன்பின் மச்சானுக்கு,

இங்கு யாவரும் நலம். உன் நலத்தையும் தங்கச்சி, பிள்ளைகள் நலத்தையும் அறிய ஆவல். உன் கடிதம் சென்ற வாரமே கிடைத்துவிட்டது. இங்கே மழை விட்டபாடில்லை. இஸ்தோப்பில் காயப்போட்ட துணி நான்கு நாட்களாகியும் ஈரமாகவே தொங்குகிறது. பட்டிப்பொலவையும் ஒஹியாவையும் தாண்டிவிட்டால் உங்கள் ஊவாப் பக்கத்தில் இப்போது காய்ந்த காற்றுத்தான் வீசும் என்பது எனக்குத் தெரியும். தொலைக்காட்சியின் சத்தத்தை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் உன் ரிசீவருக்கும் இந்த மழைக்கும் ஒரு தொடர்பு உண்டு; அதைப் பின்னால் எழுதுகிறேன்.

மகன் கட்டாரிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த ரிசீவரில் சத்தமே வரவில்லை என்றும், கடையில் காட்டியபோது உள்ளே ஏதோ எரிந்துபோயிருக்கும் என்று சொன்னார்கள் என்றும் எழுதியிருந்தாய். அதற்குள் பணத்தைக் கொடுத்துவிடாதே. ரேடியோவைத் திருப்பினால் ஐந்து ஸ்பீக்கரிலும் பாட்டுக் கேட்கிறது என்று நீயே அடுத்த பக்கத்தில் எழுதியிருக்கிறாய். ரேடியோ கேட்கிறதென்றால் சத்தத்தைப் பெருக்கும் அம்ப் உயிரோடுதான் இருக்கிறது. தொலைக்காட்சியிலிருந்து வரும் சத்தம் எந்த வழியாக உள்ளே வருகிறதென்பதை ரிசீவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். நான் ஹட்டனில் பாவித்த ரிசீவர் ஒன்றை வாங்கிவந்து, இதே இடத்தில் மூன்று இரவுகள் விழித்திருந்தவன் என்பதால் துணிந்து சொல்கிறேன்.

நம்மைப் போன்றவர்கள் முதலில் தடுக்கி விழுவது, முன்பக்கத்து உள்ளீட்டுப் பெயரும் பின்பக்கத்துச் சொக்கட்டும் ஒன்றே என்று நினைத்துக்கொள்வதில்தான். ரிமோட்டில் டீ.வி., சீ.டீ., கேம் என்று எழுதியிருக்கும் பொத்தான்கள் வெறும் பெயர்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களுக்கு முகவரி இல்லாத அந்தக் காலத்தில் நம் கடிதங்களெல்லாம் தோட்டத்து ஆபீசில் போய்க் கிடந்ததும், இது எந்த லயம், எந்தக் காம்பரா என்று அறிந்த ஒருவர் எடுத்துக் கொடுத்தால்தான் அவை வீடு வந்து சேர்ந்ததும் உனக்கு மறந்திருக்காது. ரிசீவரில் அந்த ஆளின் வேலையைச் செய்வது இன்புட் அசைன் என்ற பட்டியல். செட்டப் மெனுவுக்குள் இன்புட்ஸ் என்ற பகுதியில் அது இருக்கும். இடப்பக்கம் மேலிருந்து கீழாக உள்ளீட்டுப் பெயர்களும், அவற்றுக்கு எதிரே எச்.டி.எம்.ஐ. (படமும் சத்தமும் ஒரே வயரில் போவது), டிஜிட்டல், அனலொக் என்ற சொக்கட் வகைகளின் நிரல்களும் தெரியும். தொழிற்சாலையில் ஏதோ ஓர் ஒழுங்கில் அவற்றை நிரப்பி அனுப்பியிருப்பார்கள். நான் சத்தத்தை ஒளியாகக் கொண்டுபோகும் ஒப்டிகல் வயரை இரண்டாவது சொக்கட்டில் செருகியிருந்தேன், பட்டியலிலோ டீ.வி. என்ற பெயருக்கு நேரே ஒப்டிகல் ஒன்று என்றிருந்தது. இரண்டு இரவுகள் நான் வொலியூமைக் கூட்டிக் கூட்டிக் கேட்டதெல்லாம் எதுவும் செருகப்படாத ஒரு சொக்கட்டைத்தான். ஒன்றை இரண்டாக மாற்றிய மறுகணமே செய்தி வாசிப்பவரின் குரல் வெடித்துக் கிளம்ப, பக்கத்துக் காம்பராவில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து அழுதது. ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன் வொலியூமைக் குறைத்துக்கொள்.

உன்னுடையதும் ஒப்டிகல் வயர்தான் என்றால் இன்னொன்றையும் பார். புதிய வயரின் இரு நுனியிலும் கண்ணாடி போன்ற சிறிய பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமல் செருகினால் பிளக் முழுதாக உள்ளே போகாது. பொருந்தியது போலத் தோன்றும், ஆனால் பிடிக்காது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, தொலைக்காட்சியில் செருகிய வயரின் மறுநுனியைக் கைக்குள் வைத்துப் பார். உள்ளங்கையில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தால் தொலைக்காட்சி தன் வேலையைச் செய்கிறது. தவறு ரிசீவர் பக்கம். புள்ளி இல்லையென்றால் தொலைக்காட்சியின் சத்த மெனுவுக்குள் போய், வெளி ஸ்பீக்கர் அல்லது ஒப்டிகல் என்பதைத் தெரிவுசெய்யவேண்டும்.

உன் தொலைக்காட்சி புதியதென்றால் ஒப்டிகல் வயரே தேவைப்படாமல் போகலாம். அதன் எச்.டி.எம்.ஐ. சொக்கட்டுகளில் ஒன்றின் அருகே ஏ.ஆர்.சி. என்று எழுதியிருக்கிறதா என்று பார். 2009இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 பதிப்போடு சேர்ந்த ஏற்பாடு அது. ரிசீவரிலிருந்து படம் மேலே போகும் அதே வயரில் தொலைக்காட்சியின் சத்தம் கீழே திரும்பி வரும். இரு முனைகளும் ஏ.ஆர்.சி. என்று குறித்த சொக்கட்டுகளிலேயே இருக்கவேண்டும். இரண்டு கருவிகளிலும், ஒன்றை மற்றொன்று இயக்க உதவும் சீ.ஈ.சி. என்ற கட்டுப்பாட்டையும் இயக்கிவைக்கவேண்டும். ஒவ்வொரு கம்பனியும் அதற்குத் தனித்தனிச் செல்லப்பெயர் வைத்திருப்பதுதான் தொல்லை. என் தொலைக்காட்சியில் ஏ.ஆர்.சி. கிடையாது, நான் ஒப்டிகல்லோடு காலத்தை ஓட்டுகிறேன், குறையொன்றும் இல்லை.

சத்தம் வரத் தொடங்கியபின் உன் அடுத்த கேள்வி, ஐந்து ஸ்பீக்கர் இருந்தும் ஏன் இரண்டு மட்டும் பேசுகின்றன என்பதாக இருக்கும். தொலைக்காட்சி சத்தத்தை எந்த வடிவில் அனுப்புகிறது என்பதைப் பொறுத்தது அது. பி.சி.எம்., அதாவது சுருக்காத வடிவம் என்று வைத்தால் ஒப்டிகல் வயரில் இடம், வலம் என்ற இரண்டு தடங்கள் மட்டுமே வரும். பிட்ஸ்ட்ரீம் அல்லது ஓட்டோ என்று வைத்தால், டொல்பி டிஜிட்டல், டி.டி.எஸ். போன்று சுருக்கிக் கட்டிய பொதி அப்படியே ரிசீவருக்கு வந்து, அங்கே பிரிக்கப்பட்டு ஐந்து ஸ்பீக்கருக்கும் பகிரப்படும். முதலில் பி.சி.எம்மிலேயே வைத்துச் சத்தம் வருகிறதா என்று உறுதிசெய். அதைப் புரிந்துகொள்ளாத ரிசீவர் இல்லை. பிறகு பிட்ஸ்ட்ரீமுக்கு மாற்று. மாற்றியதும் அடியோடு மௌனமானால், அந்தப் பொதியை அவிழ்க்க உன் ரிசீவருக்குத் தெரியவில்லை என்று பொருள். என்ன வருகிறதென்பதை முன்பக்கத் திரையே எழுதிக்காட்டும், ஊகிக்கத் தேவையில்லை. இரண்டு தடத்தில் மட்டுமே ஒளிபரப்பாகும் நிகழ்ச்சிக்கு எதை வைத்தாலும் இரண்டுதான். அதற்காக ரிசீவரைத் திட்டாதே.

இனி உன் கடிதத்தில் என்னை உட்காரவைத்த விடயத்துக்கு வருகிறேன். அப்பா தப்பு மேளம் அடித்த காமன் கூத்துக் கசட்டை அதில் போட்டுக் கேட்கவேண்டும் என்றும், சத்தம் மெலிதாக இருப்பதால் போனோ என்று எழுதிய சொக்கட்டில் கொடுத்தால் என்ன என்றும் கேட்டிருந்தாய். தயவுசெய்து அதைச் செய்யாதே. போனோ சொக்கட் இசைத்தட்டு ஊசிக்கென்று மட்டும் அமைந்தது. ஊசியிலிருந்து வருவது ஏறத்தாழ 5 மில்லிவோல்ட், சீ.டீ. பிளேயரிலிருந்து உச்சத்தில் வருவது 2 வோல்ட், அதாவது நானூறு மடங்கு. அந்தச் சிறு துளியைப் பெருக்குவதற்கென்றே போனோவுக்குப் பின்னால் தனியாக ஒரு பெருக்கி இருக்கிறது. இசைத்தட்டில் வெட்டும்போது அடித்தொனியைக் குறைத்து மேல்தொனியைக் கூட்டியிருப்பார்கள் என்பதால், அது அடித்தொனியை ஏற்றி மேல்தொனியை இறக்கியும் கொடுக்கும். கசட்டை அதற்குள் விட்டால் உன் அப்பாவின் தப்பு, தகரப் பீப்பாயைக் கம்பளியால் போர்த்தி அடித்தது போலக் குமுறும்.

சீ.டீ. என்றோ ஓக்ஸ் என்றோ எழுதிய சிவப்பு, வெள்ளைச் சொக்கட்டில் கொடு. மெலிதாக இருந்தால் இன்புட்ஸ் பகுதியிலேயே சோர்ஸ் லெவல் என்று ஒன்று இருக்கும். அந்த உள்ளீட்டுக்கு மட்டும் சில டெசிபெல் கூட்டிக்கொள்ளலாம். 6 டெசிபெல் கூட்டினால் மின்னழுத்தம் இரு மடங்காகும், அதற்குமேல் பெரும்பாலும் வேண்டியிராது. இதனால் கசட்டிலிருந்து தொலைக்காட்சிக்கு மாறும்போது திடீரென்று அலறாமலும் இருக்கும். கசட் ஓட்டுவதற்கு ரேடியோவும் கசட்டும் சேர்ந்த அந்தப் பழைய டூ இன் வன்தான் என்றால், அதன் இயர்போன் சொக்கட்டிலிருந்து வயர் எடுத்து, அதன் வொலியூமைப் பாதியில் வைத்துவிட்டு மீதியை ரிசீவரில் கூட்டு. ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் பேசினால், சொக்கட் மோனோ, பிளக் ஸ்டீரியோ என்று அர்த்தம்.

கேட்கும் முறையையும் ஸ்டீரியோவில் வை. எல்லா ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரிக்கும் சரவுண்டில் வைத்தால், இரு தடத்திலும் ஒரேமாதிரி இருக்கும் சத்தத்தை ரிசீவர் நடு ஸ்பீக்கருக்கு இழுத்துக்கொள்ளும். இரு தடத்திலும் ஒத்துப்போகாத நாடாவின் இரைச்சலில் ஒரு பங்கைப் பின் ஸ்பீக்கருக்குத் தள்ளும். என் மாமாவின் ஒப்பாரிக் கசட்டைப் போட்டபோது, அவருடைய அத்தையின் குரல் முன்னால் நடுவிலிருந்தும், சீறல் என் முதுகுக்குப் பின்னாலிருந்தும் வந்ததைக் கேட்டு என் மனைவி பயந்தே போனாள்.

வாயசைவும் பேச்சும் பொருந்தவில்லை என்றால் ஓடியோ டிலே என்ற இடத்தில் சரிசெய்யலாம். தேர்த் திடலில் தப்பு அடிப்பதை நாம் எதிர் மலையிலிருந்து பார்த்திருக்கிறோமே, கை இறங்கிய பிறகுதான் சத்தம் வந்து சேரும். 340 மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு வினாடி. அது நமக்குப் பழகியது. தொலைக்காட்சியில் நடப்பது தலைகீழ். படத்தைச் செப்பனிட அது நேரம் எடுப்பதால், கை இறங்குமுன் சத்தம் வந்துவிடுகிறது. அதனால்தான் உறுத்துகிறது. பத்துப் பத்து மில்லிவினாடியாகக் கூட்டிப் பார், உறுத்தல் நிற்குமிடத்தில் விட்டுவிடு.

இனி, முதலில் சொன்ன மழைக்கு வருகிறேன். பெட்டியோடு ஒரு சிறிய மைக் வந்திருக்கும்; அதை இருக்கையில் வைத்தால் ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் ஒரு சத்தத்தை எழுப்பி, தூரத்தையும் அளவையும் தானே கணக்கிடும். தகரக் கூரையில் மழை கொட்டும்போது நான் அதைச் செய்தேன். இரண்டு முறை வெளிச்சத்தம் அதிகம் என்று நின்றுபோனது. மூன்றாம் முறை எப்படியோ முடித்து, கையெட்டும் தூரத்தில் இருக்கும் ஸ்பீக்கரை ஏழு மீற்றருக்கு அப்பால் இருப்பதாக எழுதிவைத்தது. உங்கள் பக்கத்தில் மழையில்லை, காற்றுத்தான். காற்று ஓய்ந்த விடியற்காலையில் செய். அடித்தொனிக்கென்று இருக்கும் சப்வூபர் ஸ்பீக்கரின் தூரம் மட்டும் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டினால் திருத்தாதே, அதனுள்ளே ஏற்படும் தாமதத்தையும் சேர்த்துத்தான் அது கணக்கிடுகிறது.

ஒரேயொரு எச்சரிக்கை. தொடர்ந்து ஊமென்று ஓர் இரைச்சல் கேட்டால், டிஷ் வயரை மட்டும் கழற்றிப் பார். நின்றுவிட்டால் அதன் வழியே மண் இணைப்பு (எர்த்) இரட்டிப்பாகியிருக்கிறது. அதற்காக பிளக்கின் மண் முனையை வெட்டும் வேலையை எவன் சொன்னாலும் செய்யாதே. ஐப்பசி இடி தொடங்கினால் கரண்ட் வயரோடு டிஷ் வயரையும் சேர்த்துக் கழற்றிவிடு.

ரிசீவரின் பின்பக்கத்தையும் இன்புட் அசைன் திரையையும் மகனிடம் சொல்லிப் படமெடுத்து எனக்கு அனுப்பு. வயர்களைக் கழற்றுவதற்கு முன்பாக எடுக்கச் சொல். கசட்டை மட்டும் தபாலில் அனுப்பிவிடாதே. மழை விட்டதும் நானே ரயிலேறி வருகிறேன்; அதற்குள் ஓக்ஸ் சொக்கட்டைத் துடைத்துவை.

இப்படிக்கு,
உன் பக்கத்து வாங்குக்காரன்