தினமும் பஸ் ஏறும் தம்பிக்கு, வயிற்றைப் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

மார்த்தாண்டத்தில் பஸ் ஏறினால் நெய்யாற்றின்கரை வருவதற்குள் வயிறு கலங்குகிறது, பாலராமபுரத்து நெரிசலில் வண்டி நின்றுவிட்டால் வேர்த்து ஊற்றுகிறது என்று எழுதியிருந்தாய். அதற்குப் பயந்து முதலில் பாலை விட்டாய், அப்புறம் மீனை, அப்புறம் புளியை. இப்போது காலைச் சாப்பாட்டையே விட்டுவிட்டு, மத்தியானம் மொத்தமாகச் சாப்பிட்டு, ராத்திரி வெறும் கஞ்சியோடு முடிக்கிறாய். டாக்டர் சீட்டில் ஐ.பி.எஸ்., அதாவது எரிச்சல் குடல் நோய், என்று எழுதிக் கொடுத்துவிட்டார். (தமிழில் எழுதினால் போலீஸில் பெரிய வேலை கிடைத்த மாதிரிதான் இருக்கிறது.)

நீ விட்டதில் பாதிக்கு மேல் குற்றமற்றவை. மீனில் குடலைக் கிளறும் சர்க்கரை எதுவும் கிடையாது. முட்டையிலும் கோழியிலும் கிடையாது. மீன்கறிச் சட்டியில் வெந்து கரைந்த உள்ளியும் (சின்ன வெங்காயம்) பூண்டும்தான் சந்தேகத்துக்குரியவை. அவற்றையோ நீ கஞ்சிக்குத் துவையலாகத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறாய்.

முதலில் பெயர் சரிதானா என்று பார்த்துவிடலாம். வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி, கடைசி மூன்று மாதமாக. அந்த வலி மலம் கழிப்பதோடு சேர்ந்து கூடவோ குறையவோ செய்வது. எத்தனை தடவை போகிறோம், எப்படிப் போகிறது என்பது மாறுவது. தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருப்பது. இந்த நோய்க்கு உலக மருத்துவர்கள் வைத்திருக்கும், 2016இல் வந்த ரோம் 4 வரையறை சுருக்கமாக இதுதான். உனக்குப் பொருந்துகிறது. ஆனால் மலத்தில் ரத்தம், தானாக எடை குறைவது, சாயங்காலக் காய்ச்சல், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு, வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் என்று ஏதாவது ஒன்று இருந்தாலும் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு டாக்டரிடம் போ. நம் நாட்டில் குடல் காசநோயும் இதே வேஷத்தில் வரும். தைராய்டு, ரத்த அணுக்கள், உடம்பில் அழற்சி உண்டா என்று காட்டும் சி.ஆர்.பி., குடலில் அழற்சி உண்டா என்று காட்டும் மலத்துக் கால்ப்ரொடெக்டின் ஆகியவை பார்த்தாயிற்றா என்று கேட்டுக்கொள். 

ரிப்போர்ட் நார்மல் என்றதும் வீட்டில் எல்லாம் உன் மனப்பிரமை என்று சொல்கிறார்களாமே. 1973இல் ரிட்சி என்ற ஆய்வாளர் ஒரு சின்ன பலூனைப் பெருங்குடலுக்குள் வைத்துக் காற்று ஏற்றிப் பார்த்தார். 60 மில்லி ஏற்றியதும் இந்த நோய் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் வலித்தது. மற்றவர்களில் மிகச் சிலருக்குத்தான் வலித்தது. குடல் ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான், நரம்பு அனுப்பும் சேதிதான் சத்தமாகப் போகிறது. அதனால்தான் உன் மைனி சாப்பிடும் அதே பயறு அவளுக்கு ஓர் ஏப்பத்தோடு முடிகிறது, உனக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிய வைக்கிறது.

அந்தக் காற்றைக் குறைப்பதுதான் உணவுப் பக்கத்து வேலை. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சில சர்க்கரைகள் தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள கிருமிகளிடம் புளிக்கின்றன. மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் இவற்றை ஃபாட்மேப் என்று ஒரே பெயரில் கட்டினார்கள். நம் ஊர்ச் சாப்பாட்டில் அவை எங்கே ஒளிந்திருக்கின்றன என்று சொல்கிறேன். கோதுமை, மைதா, உள்ளி, சவாளா (பெரிய வெங்காயம்), பூண்டு ஆகியவற்றில் ஃப்ரக்டான். பயறு, கடலை, பருப்பில் காலக்டான். பாலில் லாக்டோஸ். மாம்பழத்திலும் தேனிலும் மிஞ்சி நிற்கும் ஃப்ரக்டோஸ். காலிஃப்ளவர், காளான், சர்க்கரை இல்லாத சூயிங்கம் ஆகியவற்றில் பாலியால். இவற்றை நாலு வாரம் மட்டும் விலக்கிப் பார்.

புட்டு, பயறு, பப்படம், பழம் என்ற நம் காலைச் சாப்பாட்டையே எடுத்துக்கொள். அரிசிப் புட்டு நல்ல பிள்ளை. பப்படம் ஒன்றிரண்டு பாதகமில்லை. பயறு காலக்டான். நன்றாகக் கனிந்த பழம் ஃப்ரக்டான். வாழை பழுக்கப் பழுக்க அது கூடும், செங்காயில் குறைவு. ஆக நாலில் ரெண்டை மாற்றினால் போதும்: பயறுக்குப் பதில் முட்டை, கனிந்த பழத்துக்குப் பதில் பப்பாளித் துண்டு. பரோட்டாவும் சால்னாவும் மைதா, சவாளா, பூண்டு, எண்ணெய் எல்லாம் ஒரே தட்டில் கூடும் இடம். பழம்பொரியும் அப்படித்தான், மைதா மாவுக்குள் கனிந்த ஏத்தன் பழம். இந்த நாலு வாரம் அந்தக் கடைப்பக்கமே போகாதே. கல்யாண வீட்டில் சோறு, பூண்டு போடாத ரசம், அவியல் வரை இரு. பாயசத்தில் மட்டிப்பழம் பிசைவதை அடுத்த கல்யாணத்துக்கு ஒத்தி வை.

மீன்கறியைத் திருப்பிக் கொண்டு வா. அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. மூன்று மேஜைக்கரண்டி தேங்காயெண்ணெயைச் சட்டியில் காயவைத்து, ஆறேழு பல் பூண்டும் ஒரு பிடி உள்ளியும் இரண்டாக நறுக்கிப் போட்டு, மெல்லிய தீயில் ஐந்து நிமிஷம் பொன்னிறமாக வாட்டு. கண்கரண்டியால் ஒன்று விடாமல் அள்ளி எடுத்துவிடு. அந்த வாசனை எண்ணெயில் வெந்தயம் கால் தேக்கரண்டி, கறிவேப்பிலை, பிறகு மஞ்சள், மல்லித்தூள், கொஞ்சம் மிளகாய்த்தூள், அரைத்த தேங்காய், கடைசியாகப் புளித்தண்ணீர், மீன். தவறு நடப்பது ஒரே இடத்தில்தான்: உள்ளி கிடக்கும்போதே புளித்தண்ணீரை விட்டால் அது கறிக்குள் கரைந்துவிடும், பிறகு அள்ளி எடுத்தும் பலனில்லை. அம்மா தேங்காயோடு ரெண்டு உள்ளி வைத்து அரைப்பாள், அதையும் சொல்லி நிறுத்து. பூண்டு எண்ணெயை மொத்தமாகக் காய்ச்சிக் குப்பியில் அடைத்து வெளியே வைக்காதே. காற்றில்லாத எண்ணெயில் கிடக்கும் பூண்டில் பாட்டுலிசம் கிருமி வளரும், அதன் நஞ்சு உயிருக்கு ஆபத்து. அன்றன்றைக்குச் செய். கடையில் வாங்கும் மீன் மசாலாப் பொடியில் பூண்டுத்தூள் சேர்த்திருக்கிறதா என்று பாக்கெட்டின் பின்பக்கம் பார். கட்டிப் பெருங்காயத்தில் மைதா சேர்ப்பதுண்டு, ஆனால் ஒரு சிட்டிகையில் வரும் மைதாவால் ஒன்றும் ஆகாது.

தேங்காய் ஒரு நேரத்துக்கு ரெண்டு மேஜைக்கரண்டி வரை போதும், ஏனென்றால் கொழுப்பு மிஞ்சினாலும் குடல் வேகமாகச் சுருங்கும். காய்கறியில் காரட், பீன்ஸ், வெண்டை, வெள்ளரி, கத்தரி, வாழைக்காய் போட்டு அவியல் செய்யலாம். மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) பெரும்பாலும் மாவுச்சத்து. வேகவைத்த தண்ணீரை வழக்கம்போல வடித்துவிட்டுச் சாப்பிடு. ஆறவைத்து மறுநாள் சூடாக்கிய கிழங்கிலும் பழங்கஞ்சியிலும் செரிக்காத மாவுச்சத்து கொஞ்சம் கூடியிருக்கும். ஆரோக்கியமானவர்களுக்கு நல்லதுதான், உனக்குக் காற்று. நீ பாவம், வயிற்றுக்கு இதம் என்று அதையேதான் ராத்திரி ராத்திரி குடித்துக்கொண்டிருக்கிறாய்.

சாயாவைப் பற்றிக் கேட்டாய். ஒரு பால் சாயாவில் 50 மில்லி பால் இருந்தால் லாக்டோஸ் சுமார் இரண்டரை கிராம். லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாத பெரும்பாலானவர்களே ஒரு நேரத்துக்கு 12 கிராம் வரை தாங்குவார்கள். அதனால் பால்தான் எதிரி என்று முடிவு கட்டியது அவசரம். இந்த நாலு வாரம் லைட்டாகக் கட்டன் (பால் விடாத சாயா) குடி, ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். கொதிக்கக் கொதிக்கக் கடுப்பமாகப் போட்டால் இலையிலிருந்தே ஃப்ரக்டான் இறங்கும்.

இப்போது முக்கியமான சங்கதி. இந்த விலக்கு ஒரு பரிசோதனை, ஆயுள் விரதம் இல்லை. நாலு வாரம், மிஞ்சினால் ஆறு. அதற்குள் ஒரு மாற்றமும் இல்லையென்றால் இந்தச் சர்க்கரைகள் உன் பிரச்சினை இல்லை. பழைய சாப்பாட்டுக்கே போய்விடு. நன்றாக இருந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சோதி. முதல் நாள் வேகவைத்த சிறுபயறு ரெண்டு மேஜைக்கரண்டி, மறுநாள் நாலு, மூன்றாம் நாள் அரைக் கப். வலித்தால் அந்த இடத்தில் நிறுத்து. வயிறு அடங்க மூன்று நாள் விட்டு அடுத்ததைத் தொடங்கு. பால் ஒரு தனிச் சோதனை. கோதுமை தனி, உள்ளி தனி, பூண்டு தனி, எல்லாம் ஃப்ரக்டான்தான் என்றாலும். பெரும்பாலும் "பயறு ஆகாது" என்று முடியாது. "நாலு கரண்டி ஆகும், அரைக் கப் ஆகாது" என்றுதான் முடியும். அந்தக் கரண்டிக் கணக்குதான் உனக்கு வேண்டியது. பயறை ராத்திரி ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டி, வேகவைத்த தண்ணீரையும் வடித்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். இதைச் செய்யாமல் வருஷக்கணக்கில் விலக்கிலேயே இருப்பவர்களுக்குக் குடலின் நல்ல கிருமிகள் குறைகின்றன, உடம்பும் இளைக்கிறது. நீ ஏற்கனவே மெலிந்திருந்தால் ஒரு டயட்டீஷியன் பக்கத்தில் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

நார்ச்சத்து என்று கோதுமைத் தவிடு வாங்கினாயாம். அதைத் தூரப் போடு, வயிற்றை ஊதவைக்கும். இசப்கோல் உமி உதவும், பேதிக்கும் மலச்சிக்கலுக்கும் இரண்டுக்குமே. ஒரு தேக்கரண்டி, முழு டம்ளர் தண்ணீரில் கலக்கி உடனே குடி. நின்றால் கட்டியாகிவிடும், தண்ணீர் குறைந்தால் தொண்டையில் அடைக்கும். வாரத்துக்கு அரைத் தேக்கரண்டியாகக் கூட்டு. மற்ற மாத்திரைகளிலிருந்து ரெண்டு மணி நேரம் தள்ளிச் சாப்பிடு.

இனி பஸ். இரைப்பையில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் இடம் ஒழிக்கச் சுருங்கும். காலையில் அந்த இழுப்பு பலமாக இருக்கும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள். நீ முன்பு ஆறரைக்கு பஸ் ஸ்டாண்டில் ரசவடையும் சாயாவும் முடித்துவிட்டு ஏறினாய். நெய்யாற்றின்கரையில் வயிறு கலங்கியதில் என்ன அதிசயம்? இப்போது காலையில் பட்டினி கிடந்து மத்தியானம் மொத்தமாகச் சாப்பிடுகிறாய். பெரிய சாப்பாட்டுக்குப் பெரிய இழுப்பு, அதைச் சாயங்கால பஸ்ஸில் அனுபவிக்கிறாய். ஐந்தரைக்குள் எழுந்து, வெந்நீர், லைட் கட்டன், ரெண்டு துண்டு புட்டும் முட்டையும் ஐந்தே முக்காலுக்குள் முடி. ஆறு மணிக்குக் கழிப்பறையில் பத்து நிமிஷம், செல்போன் இல்லாமல், முக்காமல். ஐரோப்பியன் கிளாசெட் என்றால் காலுக்கடியில் ஒரு பலகை. இந்த நேரம் படிய ரெண்டு வாரம் ஆகும், ஞாயிற்றுக்கிழமையும் மாற்றாதே. பழகும் வரை குழித்துறையில் ரயில் ஏறினாலும் சரி. பெட்டியில் கழிப்பறை இருக்கிறது என்பதே பாதி மருந்து.

ஏன் என்றால், பயமே குடலை ஓட்டுகிறது. மூளையில் சுரக்கும் சி.ஆர்.எஃப். என்ற பொருள் இரைப்பையை மெதுவாக்கும், பெருங்குடலை வேகமாக்கும். பரீட்சை நாளில் எல்லோருக்கும் வருவதுதான். உனக்குத் தினமும் பரீட்சை. அதற்கு மூச்சுப் பயிற்சி. பெல்ட்டைத் தளர்த்திக்கொள், கையை வயிற்றில் வை, மூக்கால் நாலு எண்ணும் வரை இழு, ஆறு எண்ணும் வரை விடு. நெஞ்சு அசையாமல் வயிறு எழ வேண்டும். தினம் பத்து நிமிஷம், வயிறு நன்றாக இருக்கும்போதே செய். கலங்கும்போது மட்டும் முயல்கிறவர்களுக்கு இது பலிப்பதில்லை. பதற்றத்தில் பெரிது பெரிதாக இழுத்துக் காற்றை விழுங்கித் தலைசுற்றலோடு நிற்பார்கள். வாரத்தில் மூன்று நான்கு நாள் அரை மணி நேரம் வேக நடையும் சேர். ஸ்வீடனில் 12 வாரம் இப்படி உடற்பயிற்சி செய்தவர்களுக்குத் தொல்லை குறைந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

பஸ் ஏறுமுன் தினமும் லோப்பராமைடு போடுவதை நிறுத்து. பேதியை நிறுத்துமே தவிர வலியைத் தொடாது, அளவு மீறினால் இதயத் துடிப்பையே குழப்பும். முக்கியமான நாளுக்கு ஒன்று என்றால் அதையும் டாக்டர் சொல்லும் அளவில். குடலில் போய்க் கரையும் புதினா எண்ணெய்க் காப்ஸ்யூல் வலிக்கு உதவும். சாப்பாட்டுக்கு அரை மணி முன், கடிக்காமல், கடித்தால் நெஞ்செரியும். டாக்டர் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதினால் "பைத்தியக்கார மாத்திரை" என்று வீட்டில் அலறவிடாதே. 10 முதல் 30 மில்லிகிராம் வரை கொடுத்து இங்கிலாந்தில் சோதித்த முடிவு 2023இல் லான்செட் இதழில் வந்தது, மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிடத் தெளிவாகப் பலன். மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் அளவைவிட மிகக் குறைவு, இங்கே அது நரம்பின் சத்தத்தைக் குறைக்கிறது.

ஒரு சின்ன நோட்டு வாங்கு. தேதி, சாப்பிட்ட நேரம், என்ன, எத்தனை கரண்டி, மலம் எவ்வளவு கட்டி, எவ்வளவு இளக்கம் என்று வகைப்படுத்தும் பிரிஸ்டல் அட்டவணையில் ஒன்று முதல் ஏழு வரை எந்த வகை, வலி பத்துக்கு எத்தனை, பஸ் உண்டா இல்லையா. கடைசியிலுள்ள பஸ் கட்டத்தை விட்டுவிடாதே. அதே புட்டு பஸ் இல்லாத நாளில் ஒன்றும் செய்யவில்லை என்று நோட்டே காட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாத்திரை இல்லாமல், சாப்பிட்டுவிட்டு, களியக்காவிளை வரை மட்டும் பஸ்ஸில் போய்த் திரும்பி வா. அடுத்த வாரம் நெய்யாற்றின்கரை. வயிறு கலங்கினால் இறங்கி ஓடாமல் ரெண்டு ஸ்டாப் மூச்சை எண்ணிக்கொண்டு இரு. அந்த இழுப்பு அலை மாதிரி, சில நிமிஷத்தில் தணியும். போய் வந்து நோட்டில் என்ன எழுதினாய் என்று எனக்கும் எழுது.

அன்புடன்,
அக்கா